புது வீட்டில் முதல் ஈராண்டு

"வீடு எப்படி இருக்கிறது?" என்று காண்போர் யாவரும் கேட்கின்றனர். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். கேட்பவரும் அதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் இப்பகுதியைப் படித்துவரும் குடும்பங்களுள் சில, பழைய மகாபலிபுரம் சாலையிலோ வண்டலூர்ச் சாலையிலோ எழும்பி வரும் ஏதோ ஓர் அடுக்குமாடியில் முன்பணம் கட்டிவிட்டுச் சாவிக்காகக் காத்திருக்கக்கூடும். அத்தகையோருக்கு இரண்டு சொல்லில் விடையளிப்பது நியாயமன்று. 2024 ஜூன் மாதத்தில் நாங்கள் கேளம்பாக்கத்தில் குடியேறினோம். வீட்டைக் கட்டி முடிப்பதற்கும் வீட்டில் குடியமர்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டென்பதை அதன் பிறகே அறிந்தோம். அறிந்தவற்றை ஒளிக்காமல் எழுதுவதே இம்மாதத்து வேலை.

முதலில் ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பர் 30 அன்று வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அது கிளாம்பாக்கம், எங்களுடையது கேளம்பாக்கம். எழுத்தில் வேறுபாடு தெளிவாகத்தான் இருக்கிறது. வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வீடு மந்திரிக்கும் நாளன்று திருச்சியிலிருந்து வந்த எங்கள் சிற்றப்பா, "உங்கள் ஊர் பேருந்து நிலையத்திலேயே இறங்கிவிட்டேன், நடந்தே வந்துவிடலாமா?" என்று தொலைபேசியில் கேட்டார். மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாக ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும்! அவர் வந்து சேர்வதற்குள் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, காப்பியும் அருந்திப் புறப்பட்டுவிட்டார். புது ஊருக்குச் செல்வோர், உறவினருக்கு அனுப்பும் அழைப்பிதழில் ஊர்ப் பெயரைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது நலம்.

ஊரின் இருப்பை அறியாதவர்க்கு அதையும் சொல்லிவிடுவோம். வடக்கே படூரும் சிறுசேரியும். அங்கே கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். தெற்கே தையூர் ஏரி, அதற்கும் அப்பால் திருப்போரூர். கிழக்கே சாலையில் சற்றுச் சென்றால் உப்பளங்கள், பக்கிங்காம் கால்வாய், கோவளத்துக் கழிமுகத்தின் உப்பங்கழி. அதையும் கடந்தால் கோவளமும் கடலும். 2019 நவம்பர் முதல் இவ்வூர் புதிய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்து விடியலில் அந்த உப்பங்கழிப் பாலத்தருகே நின்றால், பூநாரைகள் சில வேளைகளில் வரிசையாக நின்று மேய்வதைக் காணலாம். வீட்டு விளம்பரப் புத்தகத்தில் இக்காட்சி வண்ணத்தில் அச்சாகியிருந்தது. பூநாரை வாழும் நீர் உப்பு நீர் என்பதை மட்டும் அப்புத்தகம் சொல்லவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

இராயபுரத்தில் எங்களுக்குப் பாகப்பிரிவினையில் வந்த பழைய வீட்டின் பங்கை விற்று, அதனோடு 20 ஆண்டுத் தவணைக் கடனும் சேர்த்து இவ்வீட்டை வாங்கினோம். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு சிறு மாடம். சாவியைக் கையில் வாங்கியபோது வெள்ளைச் சுவரும், பளபளக்கும் தரையும், கைபடாத கதவுகளும் கண்டு மனம் நிறைந்தது உண்மை. எங்களோடு வந்த அம்மா மட்டும் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான்டா, வாசல் எங்கே?" என்று கேட்டார்கள். கதவைக் காட்டினோம். "அது கதவு" என்றார்கள். அப்போது சிரித்தோம். அக்கேள்விக்குப் பிறகு வருவோம்.

முதல் மழைக்காலம் வரை வீடு புது வீடாகவே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அன்று பகலும் இரவும் பெய்த மழையில், மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக்கறை தோன்றிற்று. விடிவதற்குள் அது ஒரு சாக்கு அளவாயிற்று. சில நாள் கழித்து அங்கே பூச்சு பொருமி, வெண்பொடி பூத்தது. ஜன்னல் கம்பிகளில் அதற்கு முன்பே துரு ஏறத் தொடங்கியிருந்தது. கடற்காற்றுக்குப் புதுக் கம்பி, பழங்கம்பி என்ற பேதமில்லை.

இதைக் கண்டு நாங்கள் அடைந்த கலக்கம் சிறிதன்று. கட்டுமான நிறுவனத்தாரிடம் சொன்னபோது, "புது வீடென்றால் அப்படித்தான், ஓராண்டு போனால் சரியாகிவிடும்" என்றனர். அதில் பாதி உண்மை உண்டு. புதுக் கட்டடத்தின் காரையிலும் பூச்சிலும் கலந்த நீர் முழுவதும் உலர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது இயல்பே. காங்கிரீட் உத்தரமும் கல்கட்டுச் சுவரும் சந்திக்கும் கோட்டில் வெடிப்பு எளிதில் விழும். இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதே காரணம். இதற்காகவே நல்ல கொத்தனார் அவ்விடத்தில் கோழிவலை வைத்துப் பூசுவார். மயிரிழை வெடிப்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மழைநீர் உள்ளே நுழையும் வெடிப்பு அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் வெடிப்பு எதுவாயினும், அதைப் படம் எடுத்துத் தேதியிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்மையின் மறுபாதியை நிறுவனத்தார் சொல்லவில்லை. அது சட்டத்தில் இருக்கிறது. 'ரெரா' என்று மக்கள் அழைக்கும் 2016-ஆம் ஆண்டின் சட்டத்தில் 14-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறத்திலோ, பொருளின் தரத்திலோ குறை காணப்பட்டு அதை வீட்டுக்காரர் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. தவறினால் இழப்பீடு கோரலாம். ஆகவே தொலைபேசியில் கெஞ்சுவதை விடுத்து, குறைகளை வரிசை எண்ணிட்டு, தேதியிட்ட படங்களோடு, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இங்கிலாந்தில் புது வீடு வாங்குவோர் குடிபுகுமுன்பே இத்தகைய குறைப்பட்டியல் ஒன்று எழுதிக் கட்டியவரிடம் கொடுப்பது வழக்கமாம். நம்மவர் அந்நாளில் பால் காய்ச்சுவதிலும் உறவினருக்கு இலை போடுவதிலும் முனைந்திருக்கிறோம். இரண்டையும் செய்யலாமே! பால் காய்ச்சுவதற்கு முந்திய நாள் ஒரு வாளி நீரோடு சென்று, குளியலறைத் தரையில் கொட்டி, அது சாக்கடைத் துளையை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தேங்கியது. குடிவந்த பின்னர் தரையை மீண்டும் உடைத்துப் போட்ட 9 நாளும் பக்கத்து வீட்டில் குளித்தோம்.

முதல் கடிதத்துக்கு விடையில்லை. இரண்டாவதற்கு ஒரு மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். மூன்றாவதற்கு வெளிச்சுவரில் சாரம் கட்டி வெடிப்பை அடைத்தனர். இன்னும் ஒரு கறை மிஞ்சியிருக்கிறது. நான்காவது கடிதம் சென்ற வாரம் போயிற்று.

சுவர்க் கறையைவிடப் பெரிய செய்தி தண்ணீர். எங்கள் குடியிருப்பில் 84 வீடுகள். ஏறத்தாழ 300 பேர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுத்த அளவு. அவ்வளவு கொள்வதானால் நாளொன்றுக்கு 40,000 லிட்டர் வேண்டும். ஆழ்துளைக் கிணறு உண்டு. அதன் நீர் கழிப்பறைக்கும் செடிகளுக்கும்தான் ஆகும். மற்றதெல்லாம் லாரி. 12,000 லிட்டர் கொள்ளும் லாரி நாள்தோறும் மூன்று முறை வந்து, கீழேயுள்ள தொட்டியில் கொட்டிச் செல்கிறது. எங்களுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில், நெம்மேலிக் கடற்கரையில், 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டருக்கான மற்றோர் ஆலையும் அங்கே திறக்கப்பட்டது. அந்நீர் தென்சென்னைக்கு. எங்கள் வாயிலில் இன்றளவும் லாரியே நிற்கிறது.

லாரி ஓட்டுநரிடம் ஒருநாள், "இது எங்கேயிருந்து வருகிறது, தம்பி?" என்று கேட்டோம். மேற்கே ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, "வயக்காட்டுக் கிணறு சார். போன வருஷம் அங்கே நெல்லு நட்டிருந்தாங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதில்லை.

2025 ஏப்ரலில் லாரிக் கட்டணம் உயர்ந்தது. குடியிருப்போர் சங்கத்தின் கூட்டம் கூடிற்று. இப்போதுள்ள கிணறு 120 அடி. 300 அடிக்கு மற்றொன்று தோண்டினால் லாரியே வேண்டாம் என்று ஒருவர் கருத்துரைத்தார். கைகளை உயர்த்தச் சொன்னபோது நாங்களும் உயர்த்தினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். வீட்டுக் கடன் கட்டும் குடும்பத்துக்கு, மாதந்தோறும் பராமரிப்புத் தொகை ஏறுவது எவ்வளவு வேதனை என்பது கட்டுவோருக்குத் தெரியும்.

கூட்டம் முடிந்து இறங்கும்போது, தோட்டம் பார்க்கும் பெரியவர் எங்களை நிறுத்தினார். இவ்வூரிலேயே பிறந்தவர், இளமையில் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். "ஆழமாப் போடாதீங்க சார். இங்கே நல்ல தண்ணி மேலேதான் மிதக்குது. அடியிலே இருக்கிறது கடலு" என்றார். படித்தவர் எண்ணிக்கை மிகுந்த அக்கூட்டத்தில் இவரை யாரும் கேட்கவில்லை. அவர் சொன்னதையே நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் ஐரோப்பிய அறிஞர் இருவர் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றனர். கடற்கரை மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீரை விலக்கி நிறுத்தும். மேலே 1 அடியை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு 40 அடி எழும்பும். எழும்பியது எளிதில் இறங்காது.

இருந்த கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினோம். குடிவந்தபோது லிட்டருக்கு 1,100 மில்லிகிராமாக இருந்த கரைந்த உப்புகள், பத்தே மாதத்தில் 1,900-ஐத் தொட்டிருந்தன. குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாதவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். 300 அடியில் என்ன கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம். எங்கள் கிணறு மட்டுமா? சுற்றிலும் எத்தனை குடியிருப்புகள்! அவற்றின் நடுவே இன்னமும் கயிறு கட்டி இறைக்கும் ஊர்க்கிணறுகளும் உள்ளன. அவற்றின் நன்னீரையல்லவா நாங்கள் கையை உயர்த்தி உப்பாக்கப் பார்த்தோம்!

அடுத்த கூட்டத்தில் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டோம். தோட்டக்காரப் பெரியவரையும் அழைத்து நாற்காலியில் அமர்த்திப் பேசச் செய்தோம். வாக்குவாதம் கடுமையாயிற்று. "லாரிக்காரனுக்கு நீங்கள் தரகரா?" என்று எங்களைக் கேட்டவரும் உண்டு. முடிவில் மிகச் சில வாக்குகளால் புதுக் கிணறு கைவிடப்பட்டது. எங்கள் எதிர்வீட்டு நண்பர் அன்று முதல் நான்கு மாதம் எங்களோடு பேசவில்லை. ஒரே லிஃப்டில் நால்வர் நின்று, நால்வரும் மாடி எண் மாறுவதையே பார்த்துக்கொண்டு இறங்குவது எத்தகைய அனுபவம் என்பதை அடுக்குமாடியில் வாழ்வோர் அறிவர்.

கிணற்றை மறுத்தால் மட்டும் நீர் வந்துவிடுமா? தமிழகத்தில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் அதற்கான குழிகள் 6 உள. வரைபடத்தில் நேர்த்தியாகவே இருந்தன. மூடியைத் திறந்தபோது சிமெண்டுப் பாலும், உடைந்த ஓடும், சாக்குத் துணியும் இறுகிக் கிடந்தன. கட்டட வேலையின் கழிவு அனைத்துக்கும் அவையே குப்பைக் கிடங்காயிருந்திருக்கின்றன. ஆட்களை வைத்து வெட்டியெடுத்து, ஜல்லியும் மணலும் கரியும் புதிதாக நிரப்பினோம். கணக்குப் பார்ப்போர்க்காக இதைச் சொல்கிறோம்: எங்கள் மொட்டைமாடி 12,000 சதுர அடி. ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டால், அதன்மேல் மட்டும் 13 லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. அது 110 லாரி நீர். ஒரு பகுதி வீணானாலும், ஒரு மாதத் தேவைக்கு ஈடாக மண்ணுக்குள் போகும். சென்ற மழைக்காலம் முடிந்தபின் எடுத்த சோதனையில் கிணற்று உப்பு 1,400-க்கு இறங்கியிருந்தது. அது மழையின் மிகுதியாலா, குழிகளாலா என்று எதிர்வீட்டு நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. இன்னும் இரண்டு கோடை பார்த்தால்தான் விளங்கும்.

இனி அம்மாவின் வாசலுக்கு வருவோம்.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பர் பெயரால் வந்தது என்பர். புனித இராயப்பர் ஆலயத்து மணி கேட்கும் தெருவில் 50 ஆண்டு வாழ்ந்தவர் அம்மா. அங்கே வாசற்படியில் அமர்ந்தால் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் இருபது பேராவது நின்று பேசிவிட்டுப் போவார்கள். இங்கே கதவைத் திறந்தால் நீண்ட கூடம். மூடிய ஏழு கதவுகள். நாங்கள் இருவரும் வேலைக்கும், பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின், மாலை 6 மணி வரை அவர்கள் தனியே. சில மாதம் மாடத்தில் அமர்ந்து செபமாலை சொன்னார்கள். பிறகு மாடத்துக்கும் வருவதில்லை. உணவு குறைந்தது. மருத்துவர் பார்த்து உடலில் நோயில்லை என்றார். கிறிஸ்மசுக்கு இராயபுரத்திலுள்ள தங்கை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். ஜனவரி முடியும் வரை திரும்பவில்லை. இரவுகளில் நாங்கள் கணக்குப் போட்டோம்: இவ்வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும், தவணைக்கு எவ்வளவு போகும், இராயபுரத்தில் வாடகை வீடு எவ்வளவு. எந்த வழியில் கூட்டினாலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பெற்ற தாய்க்கு ஆகாத வீட்டை எதற்காக வாங்கினோம் என்ற கேள்வி மட்டும் மிஞ்சிற்று.

இது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் என்ற இருவர் இலண்டனின் பெத்னல் கிரீன் என்னும் நெருக்கமான பகுதியையும், அங்கிருந்து மக்கள் குடியேறிய புறநகர்ப் புதுக்குடியிருப்பு ஒன்றையும் ஆராய்ந்து 1957-இல் ஒரு நூல் வெளியிட்டனர். புதுக்குடியிருப்பில் வீடு விசாலம், தோட்டம் உண்டு, பிள்ளைகளுக்கு நல்ல காற்று. ஆனால் நாள்தோறும் தாயைக் கண்ட மகள், இப்போது எப்போதாவது ஒருமுறைதான் கண்டாள். அங்கே தாய் பழைய தெருவில் தங்கினாள். இங்கே தாயையும் அழைத்து வந்து தெருவை மட்டும் விட்டுவிட்டோம். வேறுபாடு அவ்வளவே.

பிப்ரவரியில் அம்மா தாமாகவே திரும்பி வந்தார்கள். காரணம் கேட்டோம். "அங்கேயும் தெரிந்தவர்கள் பாதிப்பேர் இல்லை. பூசையில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மகனோடு ஆவடிக்குப் போய்விட்டாள்" என்றார்கள். நாங்கள் ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் வேலைக்கு உதவும் சகோதரி செம்மஞ்சேரியிலிருந்து பேருந்தில் வருகிறார். நகரின் கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து, சுனாமிக்குப் பின் அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். அதுவரை அவரிடம் நாங்கள் வேலையைப் பற்றியன்றி வேறு பேசியதில்லை. அது எங்கள் குறை. அம்மாதான் கேட்டார்கள், "உனக்கு முதலில் எப்படி இருந்தது?" என்று. "லாரியிலே சாமானை ஏத்தும்போதுதான் பாட்டி, எந்த ஊருன்னே சரியாச் சொன்னாங்க. வேலைக்கு முன்னே நடந்து போவோம்; இங்கே வந்தப்புறம் பஸ்ஸுக்கே பாதிக் காசு. ஒரு வருஷம் எங்க மாமியார் குடத்தைக்கூட அவிழ்க்கலை, திரும்பிப் போயிடலாம்னு" என்றார். நாங்கள் மேஜையில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பட்ட கவலை, நாங்களே தேர்ந்தெடுத்த வீட்டைப் பற்றியது. அவருக்குத் தேர்வே இருக்கவில்லை. ஒரே சாலையில் இரு வகைக் குடியேற்றம். இதை எழுதும்போது எங்களுக்கு வெட்கமாகவே இருக்கிறது. அம்மாவும் அவரும் அன்று முதல் பகலுணவை ஒன்றாக உண்கின்றனர்.

அதே மாதத்தில் மீன்காரம்மா வந்தார். கோவளத்திலிருந்து கூடையோடு வாயிற்காவலரிடம் வாதாடிக்கொண்டிருந்தவரை, மாடத்திலிருந்து அம்மா கண்டு, கீழே இறங்கிச் சென்றார்கள். குடிவந்தபின் அவர்கள் தாமாகக் கீழே இறங்கியது அதுவே முதல்முறை. இராயபுரத்தில் வாழ்ந்தவர்களுக்கு மீன் பார்க்கக் கற்றுத்தர வேண்டுமா? கூடையில் உப்பங்கழி மடவை இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார்கள், விலையைக் கேட்டு, "ஏம்மா, காசிமேட்டுக்காரியிடமா இந்த விலை சொல்கிறாய்?" என்றார்கள். மீன்காரம்மா சிரித்துவிட்டார். பேரம் அரைமணி நடந்தது. சுற்றி நின்றவர்கள் எங்கள் அடுக்குமாடிப் பெண்கள். நெல்லூரிலிருந்து வந்தவர் ஒருவர், கோட்டயத்துக்காரர் ஒருவர், வங்காளத்துப் பெண் ஒருவர். மடவையையும் கொடுவாவையும் வேறுபடுத்தத் தெரியாத இளம் மனைவியர் வேறு. அம்மா எல்லோருக்கும் பொறுக்கிக் கொடுத்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை 9 மணிக்கு வாயிற்புறத்து வேப்பமரத்தடியில் கூடை இறங்கும். அம்மாவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காவலர் முன்கூட்டியே கொண்டுவந்து போடுகிறார். வங்காளத்துப் பெண் மீன் தலையை வீணாக்காமல் சமைக்கும் முறையை அம்மாவுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். எங்களுக்கு அது அவ்வளவாக ஒத்துவரவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அம்மீன்காரம்மா அழைத்துத்தான் அம்மா கோவளத்துக் கார்மேல் அன்னை திருநாளுக்குச் சென்றார்கள். அதுவரை நாங்கள் ஞாயிறு பூசைக்குக் காரில் சென்று, பூசை முடிந்ததும் திரும்பிவிடுவோம். அவ்வாலயத்தின் வரலாற்றைக்கூட அறிந்திலோம். சென்னையில் பெரும் வணிகராயிருந்த ஜான் டி மாண்டி 1808-இல் எழுப்பிய கோவில் அது. அவர் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேயே. அதன் அருகே கடலோரத்தில், பல மதத்தாரும் வந்துசெல்லும் ஒரு பழைய தர்காவும் இருக்கிறது. தேர்ப்பவனியில் அம்மா மீன்காரம்மாவின் தெருப் பெண்களோடு நடந்தார்கள். நாங்கள் பின்னால் காரை எங்கே நிறுத்துவதென்று தேடிக்கொண்டிருந்தோம்.

எல்லாம் சீராகிவிட்டதென்று சொல்ல வரவில்லை. சென்ற வாரமும், "எனக்கு ஏதாவது ஆனால் இராயபுரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்" என்று அம்மா சொன்னார்கள். கடனில் இன்னும் 18 ஆண்டு பாக்கி. லாரி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்த நாள்கள் சில உண்டு. மே மாதத்தில் மீண்டும் மூன்றாகும் என்று பெரியவர் சொல்கிறார். அவர் சொன்னால் ஆகும்.

நாளைக் காலை 7 மணிக்கு மொட்டைமாடியின் மழைநீர்க் குழாய்களைத் துப்புரவு செய்யக் கூடுகிறோம். வீட்டுக்கு ஒருவர் வருவதாக ஏற்பாடு. பாதிப்பேர் வந்தாலே போதும். நீண்ட ஏணி எங்களிடம் இல்லை. எதிர்வீட்டு நண்பர் தம் அலுவலகத்திலிருந்து ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.